பெய்யாத மழையும் அளக்காத மழையும்

என் தம்பியின் மகள் மதுரையில் புவியியல் பயில்கிறாள். விடுமுறைக்கு நிலக்கோட்டைக்கு வந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், கணிப்பொறியைக் கையில் ஏந்தியவளாய்த் திண்ணைக்கு வந்து என்னருகில் அமர்ந்தாள். "பெரியப்பா, நம் பக்கத்து மழைக்குச் சராசரி எடுத்தேன். ஐப்பசியில் ஒரு நாளைக்கு விடை குறை 296 மில்லிமீட்டர் என்று வருகிறது. மழை தரையிலிருந்து வானத்திற்குப் பெய்யுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தை இவ்வுரையின் இடையிலே சொல்வேன்.

முதலில் அந்தக் குறை மழையின் கதையைப் பார்ப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் நாடு முழுவதையும் கால் பாகை அளவுள்ள சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, 1901ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டத்திலும் பெய்த மழையைக் கணித்து வெளியிட்டிருக்கின்றனர். 6,955 மழைமானி நிலையங்களின் குறிப்புகளைக் கொண்டு ஆக்கிய பெரும்பணி அது. கிழக்கு மேற்காக 135 கட்டங்கள்; தெற்கு வடக்காக 129 கட்டங்கள். பாரத நாட்டின் எல்லைக்கோடு வளைந்தும் நெளிந்தும் செல்கிறது. கட்டங்களால் ஆன அந்தச் செவ்வகமோ நேரானது. ஆகவே, கட்டங்களிற் பல கடலிலும் அயல்நாட்டிலும் விழுகின்றன. அங்கே நமக்கு மழைமானி ஏது? அந்தக் கட்டங்களிலெல்லாம் குறை 999 என்னும் எண்ணை இட்டு வைத்திருக்கிறார்கள். "இங்கே எங்களிடம் அளவு இல்லை" என்பது அதன் பொருள். அது மழையன்று; மழையின் இடத்திலே உட்கார வைத்த ஒரு குறி.

பெண் தென்தமிழ்நாட்டை ஒரு செவ்வகமாக வெட்டி எடுத்திருந்தாள். அதற்குள் பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் அகப்பட்டுக்கொண்டன. கணக்கை எளிதாக்கிச் சொல்கிறேன். நூறு கட்டங்கள் என்று கொள்வோம். அவற்றுள் எழுபது நிலத்தில். ஒவ்வொன்றிலும் 5 மில்லிமீட்டர் மழை. முப்பது கடலில், ஒவ்வொன்றிலும் குறை 999. நிலத்தின் கூட்டுத்தொகை 350. கடலின் கூட்டுத்தொகை குறை 29,970. இரண்டையும் சேர்த்து நூறால் வகுத்தால் வருவது குறை 296.2. கணிப்பொறி பிழை செய்யவில்லை. கொடுத்ததைக் கூட்டியது, கூட்டியதை வகுத்தது.

இது நல்ல பிழை என்றே நான் சொல்லுவேன். ஏனெனில் அது கூச்சலிடுகிறது. குறை மழை என்று ஒன்று உலகில் இல்லை. பார்த்தவுடன் பள்ளிப் பிள்ளையும் ஐயுறுவான். இரகசியம் பேசும் பிழைகள் வேறு உண்டு. அதே துறையினர் 1951ஆம் ஆண்டு முதலான வெப்பநிலையையும் கட்டம் கட்டமாக வெளியிட்டுள்ளனர். வெப்பநிலை சுழிக்குக் கீழேயும் போகக் கூடியது. இமயத்திலே நாள்தோறும் போகிறது. ஆகவே அங்கே குறை எண்ணை அவர்கள் குறியாகக் கொள்ளவில்லை, 99.9 என்பதைக் கொண்டார்கள். இப்பொழுது ஒரு மாதக் கணக்கில் இருபத்தொன்பது நாள் 28 பாகை என்றும், ஒரே ஒரு நாள் மட்டும் அளவில்லாமல் 99.9 என்ற குறி நிற்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். குறியை நீக்காமல் சராசரி எடுத்தால் 30.4 வருகிறது. உண்மையோ 28. இந்த 30.4ஐப் பார்த்து எவர் ஐயுறுவார்? "இவ்வாண்டு கொஞ்சம் வெயில் அதிகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விடுவார். 2.4 பாகை என்பது சிறிய பிழையன்று. உலகம் சூடேறுகிறதா என்று கணக்கிடுவோர் அதனினும் சிறிய வேற்றுமைகளைப் பற்றியே வழக்காடுகின்றனர்.

ஒரு நியாயமான கேள்வி எழும். அளவு இல்லை என்றால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட வேண்டியதுதானே? எதற்காக ஓர் எண்ணைப் போட்டு நிரப்பி, வருவோர் போவோரையெல்லாம் இடற வைக்க வேண்டும்? இதற்கு விடை காண நாம் சற்றுத் தொலைவு பின்னோக்கிப் போக வேண்டும்.

எங்கள் நிலக்கோட்டை பூவுக்குப் பெயர் பெற்ற ஊர். விடியுமுன் மல்லிகை மூட்டைகள் சந்தைக்கு வந்துவிடும். சுழியின் வரலாற்றிலும் ஒரு பூந்தோட்டம் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வடக்கே குவாலியர் நகரில் சதுர்ப்புஜர் கோயில் ஒன்று உண்டு. அங்குள்ள 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கோயிலுக்கு விடப்பட்ட நந்தவனத்தின் நீளத்தை 270 முழம் என்றும், நாள்தோறும் சாத்துவதற்கு 50 மாலைகள் என்றும் குறிக்கிறது. அந்த 270இலும் 50இலும் நாம் இன்று எழுதுவது போன்றே சிறு வட்டமாகச் சுழி பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனி எழுத்துகள் இருந்தமையால் சுழிக்கு வேலை இருக்கவில்லை.

சுழி முதலில் பிறந்தது எண்ணாக அன்று. வெற்றிடத்தின் குறியாகவே அது பிறந்தது. பாபிலோனியர் களிமண் பலகைகளில், "இந்த இடத்தில் எண் எதுவும் இல்லை" என்று காட்டுவதற்கு இரண்டு சாய்ந்த ஆப்புக் கீற்றுகளை இட்டனர். அது வெறும் காவற்குறி. நம் நாட்டிலேதான் அந்தக் காவற்காரன் குடும்பத்திலே ஒருவனாக ஏற்றுக்கொள்ளப்பட்டான். 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தம் என்னும் நூலில், சுழியோடு கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் விதிகள் வகுத்தார். மிகை எண்ணைச் செல்வம் என்றும், குறை எண்ணைக் கடன் என்றும் அவர் அழைத்தார். சுழிக்கும் குறை எண்ணுக்கும் கணக்கிலே முறையான இருக்கை கிடைத்தது அப்போதுதான்.

கிடைத்த அன்றே ஒரு சங்கடமும் தொடங்கிவிட்டது. சுழி எண்ணாகிவிட்டது, "ஒன்றும் இல்லை" என்னும் உறுதியான விடை அது. அப்படியானால் "தெரியாது" என்பதற்கு எந்தக் குறி? "பானையில் அரிசி இல்லை" என்பது வேறு. "பானையைத் திறந்து பார்க்கவில்லை" என்பது வேறு. ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேர்வு எழுதிச் சுழி வாங்கிய மாணவன் ஒருவன்; அம்மை போட்டிருந்ததால் தேர்வுக்கே வராத மாணவன் ஒருவன். இருவருக்கும் மதிப்பெண் பட்டியலிலே சுழி எழுதினால் தலைமையாசிரியர் விடமாட்டார். இதை நான் முப்பது ஆண்டுகள் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்ன நானே தவறியதை இப்போது சொல்லுகிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு மழைமானி வாங்கி வைத்தேன். நம் நாட்டில் நாளொன்றின் மழை என்பது காலை எட்டரை மணிக்கு அளப்பது. அதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்தது. எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் முறை வைத்துக்கொண்டு அளப்பார்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் பதிவேன். மேற்கே கோடை மலையில் மேகம் கவிந்திருக்கும். வடகிழக்கே சிறுமலை கறுத்து நிற்கும். நடுவிலே எங்கள் சமவெளியில் ஒரு துளியும் விழாது. அத்தகைய நாட்களில் 0 என்று எழுதுவோம். அது மெய்யான சுழி. சனி, ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் அளப்பாரில்லை. பட்டியலில் கட்டம் காலியாக நின்றது என் கண்ணை உறுத்தியது. கையெழுத்து அழகாக இருக்க வேண்டும், பட்டியல் நிறைந்திருக்க வேண்டும் என்பதிலே எனக்கு அந்நாளில் பெருவிருப்பு. அந்தக் கட்டங்களிலும் 0 என்றே எழுதிவிட்டேன்.

ஓர் ஐப்பசியில் தீபாவளி விடுமுறையை ஒட்டிப் பெருமழை பெய்தது. நான் ஊரில் இல்லை. பள்ளி திறந்த சில நாட்களில் மல்லிகை பயிரிடும் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நீர் தேங்கி அவருடைய செடிகள் வேரழுகிப் போயிருந்தன. நிவாரணம் கேட்டு மனு எழுத வேண்டும்; அதில் மழையின் அளவைக் குறிக்க வேண்டும்; வாத்தியார் புத்தகத்தில் சரியாக இருக்கும் என்று நம்பி வந்திருந்தார். நோட்டைத் திறந்து காட்டினேன். நான்கு நாட்கள், நான்கு சுழிகள், முத்து முத்தாக.

அவர் படித்தவர் அல்லர். ஆனால் சுழியைப் படிக்கத் தெரியாதவர் உண்டா? "வாத்தியாரய்யா, அந்த நாலு நாளும் மழையே இல்லை என்றா போட்டிருக்கிறீர்கள்?" என்றார். "அளக்கவில்லை, ஐயா" என்றேன். "அளக்கவில்லை என்று அல்லவா எழுதியிருக்க வேண்டும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் வேறு இடத்தில் அளவு பெற்று மனுக் கொடுத்தார் என்று பின்னர்க் கேள்வியுற்றேன். எனினும் அந்தச் சொல் என்னை விட்டு நீங்கவில்லை. குறை 296 என்ற எண்ணைப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வராமைக்கும் அதுவே காரணம்.

நிற்க. வெற்றிடத்தை ஏன் வெறுமனே விடவில்லை என்ற கேள்விக்கு வருவோம். காகிதத்தில் எழுதிய காலம் வரையில் பெரும் இடர் இல்லை. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிய 1876 முதல் 1878 வரையிலான பஞ்சத்துக்குப் பின்னர், மழைக் கணக்கின் அருமையை ஆட்சியாளர் உணர்ந்தனர். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இலேயே தொடங்கப்பட்டிருந்தது. வட்டந்தோறும் மழைமானிகள், மானிதோறும் பதிவேடுகள். அளக்காத நாளுக்கு ஒரு கோடு போடலாம். ஓரத்தில் காரணம் எழுதலாம். படிப்பவன் மனிதன், ஆதலால் கோட்டைக் கோடென்றே புரிந்துகொள்வான்.

பின்னர்ப் படிப்பவன் மாறினான். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணிக் காட்டினார். 1928இல் எண்பது பத்தி கொண்ட அட்டை வந்தது. ஒவ்வொரு செய்திக்கும் இத்தனை பத்தி என்று அளந்து ஒதுக்கினார்கள். ஓரத்தில் குறிப்பு எழுத இடமில்லை. 1957இல் பார்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழி வந்தது. விஞ்ஞானிகளின் கணக்குகளெல்லாம் அதற்கு மாறின. அதன் பழைய வழக்கம் ஒன்று இங்கே கருதத்தக்கது: எண்ணுக்குரிய பத்தியில் துளையே இல்லாமல் வெறுமையாக இருந்தால், அதைச் சுழி என்று அது படித்துவிடும். எவ்வளவு பெரிய கேடு பாருங்கள்! நான் நோட்டுப் புத்தகத்தில் செய்த அதே தவற்றை இயந்திரம் கணம் தவறாமல், களைப்பில்லாமல், ஆயிரக்கணக்கில் செய்தது. இதற்கு அஞ்சியே அறிஞர்கள் வெற்றிடத்தை விடாமல், எவரும் மெய்யளவு என்று மயங்க முடியாத எண் ஒன்றால் நிரப்பினார்கள். பத்தி முழுதும் ஒன்பதுகள். முன்னே ஒரு குறைக்குறி. மழையும் மக்கள் தொகையும் குறைவில் இரா. ஆகவே குறை 99, குறை 999, குறை 9999. சோம்பலில் பிறந்த வழக்கமன்று இது, முன்யோசனையில் பிறந்தது. பின்வந்தவர்கள் குறியின் பொருளை மறந்தார்கள் என்பதே குறை.

குறியின் பொருளை மறப்பதால் வரும் கேட்டுக்கு ஒரு சிறந்த சான்று சூரியனிடத்திலே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலையின் உச்சியில், கோடைக்கானலில், 1899ஆம் ஆண்டில் சூரிய ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகின்றனர். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அம்மலையில்தான். அங்கே மழைமேகம் மூடிய நாட்கள் உண்டு. அந்நாட்களில் சூரியனில் புள்ளி இருந்ததா, இல்லையா? மலைமேல் நின்றவருக்குத் தெரியாது. புள்ளி இல்லை என்று எழுத அவருக்கு உரிமை இல்லை.

கரும்புள்ளிகளின் உலகக் கணக்கைத் தொடங்கியவர் ருடால்ப் உல்ப் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர். அவர் வகுத்த முறை எளிமையானது: புள்ளிக் கூட்டங்களைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளின் தொகையை அதனோடு கூட்ட வேண்டும். ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் எண் 11 ஆகும். புள்ளியே இல்லாத நாளுக்குச் சுழி. 1980 வரையில் ஜூரிக் நகரத்திலும், அதன் பிறகு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலும் இக்கணக்கு பேணப்பட்டு வருகிறது. நாள்வாரிப் பட்டியல் 1818இல் தொடங்குகிறது. ஆனால் 1848 வரையில் நாள்தோறும் பார்த்தவர் இல்லை. அந்த முப்பது ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்களுக்கு அளவே கிடையாது. அந்நாட்களுக்குப் பட்டியலில் குறை 1 என்று இட்டிருக்கிறார்கள்.

குறை 999 கூச்சலிடும் என்றேன். குறை 1 முணுமுணுக்கக்கூட இல்லை. சூரியன் கொதிக்கும் ஆண்டுகளில் இந்த எண் முந்நூறுக்கு மேலும் போகும். அத்தகைய வரைபடத்திலே குறை 1 என்பது அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு, பார்ப்பவர் கண்ணுக்குச் சுழியாகவே தெரியும். வேகமாகப் படம் வரைபவன், 1818ஐ அடுத்த ஆண்டுகளில் சூரியன் நாள்விட்டு நாள் அணைந்து எரிந்ததாகவே முடிவு கட்டிவிடுவான். சூரியன் அணையவில்லை, பார்ப்பவர்தாம் இல்லை.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் பிழையின் பரிமாணமும் வளர்கிறது. 1645 முதல் 1715 வரையில் சூரியனில் புள்ளிகள் மிக அருகியிருந்தன. அதை மாண்டர் தாழ்நிலை என்பார்கள். 1976இல் ஜாக் எடி என்பவர் எழுதிய கட்டுரை அதனை உலகம் கவனிக்குமாறு செய்தது. 1998இல் ஹாய்ட், ஷாட்டன் என்னும் இருவர் பதினேழாம் நூற்றாண்டு வரையிலான பழங்குறிப்புகளையெல்லாம் அரிதின் முயன்று திரட்டி ஒரு பட்டியல் தந்தனர். அவ்வுழைப்புக்கு அறிவுலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால், "இவ்வளவு காலம் புள்ளி எதையும் காணவில்லை" என்று பழைய அறிஞர் ஒருவர் பொதுப்பட எழுதியிருந்தால், அக்காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சுழி என்று அதிலே சில இடங்களில் நிரப்பப்பட்டுவிட்டது. சூரியனின் உயரத்தை மட்டும் அளந்தவர் புள்ளியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்ததையும், புள்ளி இல்லை என்ற சாட்சியமாகக் கொண்டுவிட்டனர். 2016இல் வாக்கெரோவும் அவருடன் உழைத்தவர்களும் அந்தப் பட்டியலை மீண்டும் சலித்து, நம்பத்தகாத சுழிகளை நீக்கினர். மாண்டர் தாழ்நிலை பொய்யென்று ஆகிவிடவில்லை. அது மெய்யே. ஆனால் அதை நாள் தவறாமல் பார்த்திருந்தோம் என்ற நம் பெருமிதம் பொய்யாயிற்று. உலகப் புகழ் பெற்ற அறிஞர்களும் என் தீபாவளிச் சுழிகளைப் போலச் சுழி இட்டிருக்கிறார்கள் என்று அறிந்தபோது, எனக்குச் சற்று ஆறுதல் ஏற்பட்டது என்பதை மறைக்கமாட்டேன்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அளவே இல்லாத இடத்தில் அளவு இருப்பதாக மயங்குவது ஒன்று. மெய்யான அளவையே "இது அளவன்று" என்று ஒதுக்கி வைப்பது மற்றொன்று. இதற்குரிய கதையிலும் நம் கோடைக்கானல் ஓர் ஓரத்தில் நிற்கிறது. வானத்தின் ஓசோன் படலத்தை அளக்க ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாப்சன் ஒரு கருவி செய்தார். அக்கருவிகளை உலகின் பல மூலைகளுக்கும் அவர் அனுப்பிய 1928, 1929ஆம் ஆண்டுகளில், ஒன்று கோடைக்கானலுக்கு வந்தது. எகிப்து, கலிபோர்னியா, நியூசிலாந்து ஆகிய இடங்களும் அந்த வரிசையில் இருந்தன. பின்னர் 1956இல் தென்முனைக் கண்டத்தில் ஹாலி விரிகுடாவில் ஆங்கிலேயர் நிலையம் அமைத்து, டாப்சன் கருவியால் ஆண்டுதோறும் அளந்து வந்தனர். அக்டோபர் மாதத்து அளவு 300 அலகை ஒட்டியிருந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் 200க்குக் கீழே இறங்கிற்று. ஜோ பார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்ளின் ஆகிய மூவரும் 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் இதனை வெளியிட்டபோது உலகம் திடுக்கிட்டது.

அமெரிக்கர்களின் நிம்பஸ் 7 என்ற செயற்கைக்கோள் 1978 முதலே விண்ணிலிருந்து ஓசோனை அளந்துகொண்டிருந்ததே, அது ஏன் காணவில்லை? 180 அலகுக்குக் கீழே வரும் அளவுகள் ஐயத்துக்குரியவை என்று தனிக்குறி இடுமாறு முன்னரே அமைத்திருந்தார்கள். இயற்கையில் அவ்வளவு குறைவு இருக்க முடியாது என்பது அந்நாளைய அறிவு. கணிப்பொறி அந்த அளவுகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டது என்று ஒரு கதை பரவியிருக்கிறது. பாடப் புத்தகங்களிலும் அதைக் கண்டிருக்கிறேன். அது முழு உண்மையன்று. எறியவில்லை, குறி மட்டும் இட்டது. குறியிடப்பட்ட அளவுகள் வரைபடத்தில் ஓரிடத்தில் குவிவதை அங்குள்ளவர்கள் பார்த்தனர். ஆனால் தென்முனையிலிருந்து வந்த தரை அளவு ஒன்று 300 என்று காட்டியமையால் மேலும் குழம்பினர். அந்தத் தரை அளவே பிழையென்று பின்னர்த் தெரிந்தது. பார்மன் குழுவினர் முந்திக்கொண்டனர். நம் நாட்டிற் பிறந்த பவன் பார்த்தியா அந்தச் செயற்கைக்கோள் பணியில் முன்நின்றவர்; அவர் அதே 1985இன் ஆகஸ்டு மாதத்தில் பிராக் நகரத்தில் தம் அளவுகளை எடுத்துரைத்தார். குறியிட்ட மூல அளவுகள் அழியாமல் இருந்தமையால்தான், பழைய ஆண்டுகளுக்குத் திரும்பிச் சென்று ஓசோன் துளையின் பரப்பைப் படமாக வரைய அவர்களால் முடிந்தது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது.

1985ஆம் ஆண்டை நான் மறப்பதற்கில்லை. அவ்வாண்டு செப்டம்பரில்தான் எங்கள் வட்டம் மதுரையிலிருந்து பிரிந்து புதிய திண்டுக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது. அதே ஆண்டில் கணிப்பொறி வல்லுநர்களும், பாபிலோனியர் காலத்துச் சங்கடத்துக்கு ஒருவகை முடிவு கட்டினார்கள். கணிப்பொறியில் எண்களை எழுதும் முறைக்கு உலகப் பொதுவிதி செய்தபோது, "எண் அல்ல" என்னும் பொருளுடைய தனிக்குறி ஒன்றை அமைத்தனர். அதன் குணம் விந்தையானது. எதனோடு கூட்டினாலும் விடை "எண் அல்ல" என்றே வரும். தன்னோடு தானே சமம் என்றும் அது ஒப்பாது. தெரியாததும் தெரியாததும் சமம் என்று எவர் சொல்ல முடியும்? அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் அதற்கு முன்பு எழுதப்பட்ட ஏடுகள் ஏராளம். பின்பும் பழைய வழக்கத்தை விடாதவர்கள் பலர். ஆகையால் ஒன்பதுகளின் ஆட்சி இன்னும் முடியவில்லை.

அன்று இரவு கழிந்து விடிந்ததும் பெண்ணும் நானும் உட்கார்ந்து அவளுடைய கணக்கைத் திருத்தினோம். அவளுக்குக் கணிப்பொறி தெரியும். எனக்குப் பட்டியல் தெரியும். புள்ளிவிவரத்தோடு வரும் விளக்கக் குறிப்பை முதலில் படிக்கச் சொன்னேன். அவள் அதுவரை அதைத் திறந்தே பார்க்கவில்லை. பிறகு பட்டியலில் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று கேட்கச் சொன்னேன். குறி எங்கே ஒளிந்திருந்தாலும் இந்த இரண்டு கேள்விகளில் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வந்தவற்றை அழிக்காமல், மூலப் பட்டியலை அப்படியே ஒருபுறம் வைத்துவிட்டு, படி எடுத்ததில் மட்டும் "எண் அல்ல" என்று மாற்றினாள். எத்தனை மாற்றினாய் என்று எண்ணி எழுதி வைத்துக்கொள் என்றேன். முப்பதில் இரண்டு போனால் சராசரி நிற்கும். இருபது போனால் அது சராசரியா?

அங்கே அவள் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தாள். வேறு சில பட்டியல்களில் வரும் குறை 99.9 போன்ற பின்னத்தைத் தேடும்போது "அதற்குச் சமமானவை" என்று கேட்கக் கூடாதாம். கணிப்பொறி பின்னங்களைத் தன் இரும வழக்கில் மாற்றி வைத்துக்கொள்வதால், ஒரு நூலிழை வேறுபாட்டில் பொருந்தாமல் நழுவிவிடுமாம். மழையானால் "சுழிக்குக் கீழ்ப்பட்டவை யாவும்" என்று வலை வீச வேண்டும் என்றாள். சரி என்றேன், ஆனால் இயல்பான மழையிலிருந்து எவ்வளவு கூடிற்று, குறைந்தது என்று கணக்கிட்ட பின்னர் அந்த வலையை வீசினால், மெய்யான குறைகளும் அகப்பட்டுக்கொள்ளும் அன்றோ? குறியை முதலில் அகற்றிவிட்டே ஒப்பிட வேண்டும். இருவருக்கும் ஆளுக்கொரு வெற்றி.

படம் வரையும்போது மட்டும் எங்களுக்குள் வழக்கு வந்தது. அவள், அளவில்லாத நாட்களின் இருபுறத்தையும் ஒரு கோட்டால் இணைத்துவிடலாம், பார்க்க அழகாயிருக்கும் என்றாள். அழகு என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு என் முத்து முத்தான சுழிகள் நினைவுக்கு வந்தன. கோட்டை அங்கே முறித்துவிடு என்றேன். அக்கம்பக்கத்து நிலையங்களைக் கொண்டு ஊகித்து நிரப்ப வேண்டியிருந்தால், அந்த ஊக அளவுகளை வேறு நிறப் புள்ளியால் காட்டு என்றேன். அப்படியே வரைந்தாள். கடல் கட்டங்கள் வெண்மையாக நிற்க, தென்தமிழ்நாட்டின் கரையோரம் தானாகவே துலங்கிற்று.

அவள் மதுரைக்குத் திரும்பிய பிறகு, பரணில் இருந்த என் பழைய மழை நோட்டைத் தேடி எடுத்தேன். அட்டை செல்லரித்திருந்தாலும் உள்ளே எழுத்து மங்கவில்லை. ஏழு ஆண்டுக் கணக்கு. நாட்காட்டியை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறுகளையும் தீபாவளி நாட்கள் நான்கையும் கண்டுபிடித்து, அச்சுழிகளின் அருகே சிவப்பு மையால் "அளக்கவில்லை" என்று எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்தும் வைத்தேன். ஆனால், மாணவர் வராமல் நின்ற வேலை நாட்களும் சில உண்டு. நான் விடுப்பில் சென்ற நாட்களும் உண்டு. அவை எவை என்று எனக்கு நினைவில்லை. அந்த நாட்களின் சுழிகள் மற்றச் சுழிகளோடு கலந்து நிற்கின்றன. எது மழை பெய்யாத நாள், எது நான் பார்க்காத நாள் என்று எழுதிய கைக்கே இப்போது தெரியவில்லை. நோட்டை மூடிக் கயிற்றால் கட்டி, முதற்பக்கத்தில் இச்செய்தியையும் எழுதிப் பரணிலேயே வைத்துவிட்டேன்.